ஆடிப் பிடித்தம்

ஜூலை 6, வியாழன்

இந்த டைரி ஜனவரியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தேவராஜின் ஆட்டோவில் ஏறிய ஓர் உரக்கடைக்காரர் இறங்கும்போது இனாமாகக் கொடுத்தாராம். ஆறு மாசமாகச் சூடான சட்டியை இறக்கி வைக்கத்தான் பயன்பட்டது. அட்டையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது.

எழுதச் சொன்னது மைமூன். நானும் அவளும் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில், இரண்டாம் மாடி பனாரஸ் பட்டுப் பிரிவில் நிற்கிறோம். நான் பத்தொன்பது வருஷம், அவள் பதினொன்று. தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு நவம்பரில் இரண்டு பேரும் காசிக்குப் போகப்போகிறோம். பெந்தெகொஸ்தே சபைக்காரி ஒருத்தியும் மேலப்பாளையத்து முஸ்லிம் ஒருத்தியும் காசிக்குப் போகிறார்கள் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கட்டும். நாங்கள் கங்கையில் முங்கப் போகவில்லை, பனாரஸ் புடவை நெய்கிற தறியைப் பார்க்கப் போகிறோம். பத்தொன்பது வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம், இது கங்கைக் கரையிலேயே உட்கார்ந்து நெய்தது, ஒரு புடவைக்கு ஒரு மாசம் ஆகும் என்று கதை அளந்திருக்கிறேன். காசி எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சாகிறதுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டால் சொன்ன பொய்க்கெல்லாம் கணக்கு நேராகிவிடும் என்று ஓர் ஆசை.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், மாசம் மூவாயிரம் எடுத்துவைத்தால் போதும். போய்வந்துவிடலாம்.

ஜூலை 7, வெள்ளி

சம்பளம் வந்தது. வழக்கம்போலப் பூவுக்கு நூற்றிருபது பிடித்திருந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் புரியாது (யார் படிக்கப்போகிறார்கள்!). கடை திறந்ததும் பெண்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு முழம் மல்லிகை கொடுப்பார்கள். தலை நிறையப் பூ வைத்தவர்கள் புடவை காட்டினால்தான் லட்சுமிகரமாக இருக்குமாம். அதற்கு மாசம் நூற்றிருபது ரூபாய் எங்கள் சம்பளத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தேங்காயை எடுத்து அவர்கள் பிள்ளையாருக்கு உடைப்பது. எங்கள் சபையில் பூ வைக்கிற வழக்கம் கிடையாது. என் பெயர் புஷ்பலீலா என்று இருப்பதே போதும். அதனால் என் முழத்தையும் சேர்த்து மைமூன்தான் வைத்துக்கொள்கிறாள். பணம் நான் கொடுக்கிறேன், மணம் அவளுக்கு. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு சுகம்தான், வாய் வலிக்காது.

ஜூலை 14, வெள்ளி

திங்கள்கிழமை ஆடி பிறக்கிறது. கடை முழுக்கத் தள்ளுபடித் தோரணம். எங்களுக்குப் புதிதாக ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். உள்ளங்கை அகலம், தகரம், நட்சத்திர வடிவம், ஆறு முனை. நடுவில் ‘35% ஆடித் தள்ளுபடி’. இடது தோளில்தான் குத்தவேண்டும், கேமராவில் தெரியவேண்டும், இல்லாவிட்டால் தடவைக்கு ஐம்பது ரூபாய் அபராதம் என்று சுற்றறிக்கை வாசித்தான் சூப்பர்வைசர் இசக்கிராஜ். அவனுக்கு இருபத்தெட்டு வயசு. நல்ல பையன்தான், வாக்கிடாக்கி கையில் வந்த நாளிலிருந்து கழுத்து திரும்புவதில்லை.

மைமூன் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பேட்ஜா, கோழி வெட்டுகிற சாமானா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

டிக்கெட் போட்டாயிற்று! இன்றைக்குத்தான் நவம்பர் 15க்கு முன்பதிவு திறக்கிறது என்று தேவராஜ் காலையிலேயே போய் வரிசையில் நின்றார். ஸ்லீப்பர், ஒரு கீழ்ப் படுக்கை, ஒரு நடுப் படுக்கை. திரும்பி வருவதற்கும் தங்குவதற்கும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். “காசி எதுக்கு, மணப்பாடு போவோம், கடல் காத்து வாங்கலாம்” என்று ஒரு மாசமாக முனகிய மனுஷன், டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

ஜூலை 22, சனி

நல்ல கூட்டம். காலில் வீக்கம். வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பேட்ஜைக் கழற்றி அடுக்களை மேடையில் போட்டேன். ஏன் இவ்வளவு கோபம் என்று இவர் கேட்டார். கோபம் ஒன்றும் இல்லை.

ஜூலை 24, திங்கள்

காலையில் புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்கும்போது இசக்கிராஜ் ஒரு புடவையைத் தூக்கிக் காட்டினான். வெந்தய நிறம், ரோஸ் கரை, விலை 14,600. முந்தானைக்குக் கொஞ்சம் கீழே மூன்று விரல் நீளத்துக்கு ஜரிகை இழை இழுத்துக் கொக்கி மாதிரி நின்றது. சனிக்கிழமை அந்தப் புடவையை எடுத்துக் காட்டியது யார் என்று கேமராவில் பார்த்தார்களாம். நான்தான். இழை எப்போது இழுத்தது என்று கேமராவில் தெரியவில்லையாம், ஆனால் எடுத்தது நான்.

மத்தியானம் கூப்பிட்டு, சின்ன முதலாளி முடிவு சொல்லிவிட்டார் என்றான். முழு விலையும் என் சம்பளத்தில். மாசம் 3,650 வீதம் நான்கு மாசம்.

நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் யார் எப்படி இழுத்தார்களோ. வாடிக்கையாளர் மோதிரமாக இருக்கலாம், வளையலாக இருக்கலாம்.

நான்கு மாசம் என்றால் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், நவம்பர். காசிக்கு எடுத்துவைக்கிற மாசங்கள் அத்தனையும். மைமூனிடம் சொன்னேன், நீ மட்டும் போய்வா என்று. அவள் அடுத்த புடவையை எடுத்து மடித்தாள். நான் வராமல் அவள் போகமாட்டாள் என்பது எனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் இல்லை, கடையில் ஜனம் பெருகி ஓடியது. மதியச் சோறு நாலரை மணிக்கு.

ஆகஸ்ட் 7, திங்கள்

பி.எஃப். எல்லாம் போக எனக்கு வரவேண்டியது 11,400. வந்தது 7,080. புடவை 3,650, பூ 120, ‘இதர’ 550. இதர என்றால் என்ன என்று இசக்கிராஜிடம் கேட்டேன். இரண்டு நாள் லேட், மூன்று தடவை உட்கார்ந்தது, பேட்ஜ் குத்தாதது என்று அடுக்கினான். ஸ்டூல் போடவேண்டும் என்று சட்டம் வந்து கடையில் ஸ்டூலும் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் அபராதம். ஸ்டூல் உட்காருவதற்கு இல்லை போலிருக்கிறது, கும்பிடுவதற்கு.

ஊருக்கெல்லாம் ஆடித் தள்ளுபடி, எங்களுக்கு ஆடிப் பிடித்தம்.

இரவு நல்ல கூழ்வற்றல் குழம்பு வைத்தேன். இவர் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். வயிறு நிறைந்தால் பாதி கவலை குறைகிறது, அதுவும் உண்மைதான்.

ஆகஸ்ட் 9, புதன்

இன்று ஒரு அதிசயம்.

நாங்கள் சாப்பிடுகிற இடம் மூன்றாம் மாடி ஸ்டாக் ரூம். அங்கே சுவரில் கண்ணாடி போட்ட ஒரு போர்டு தொங்கும். அதன் ஆணியில்தான் பத்தொன்பது வருஷமாக என் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறேன். இன்று பையின் காது அறுந்து விழுந்தது. போர்டில் என்னதான் இருக்கிறது என்று முந்தானையால் தூசியைத் துடைத்துப் பார்த்தேன். ‘சம்பளப் பட்டுவாடாச் சட்டம் – சுருக்கம்’. நல்ல தமிழில், கொட்டை எழுத்தில்.

மோர் சோறு காய்ந்துபோகிற வரைக்கும் நின்று படித்தேன். எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி, பட்டியல் எழுதி ஒட்டவேண்டுமாம். அபராதம் போடுமுன் அந்த ஆளிடம் விளக்கம் கேட்கவேண்டுமாம். எல்லா அபராதமும் சேர்ந்து மாசச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக்கூடாதாம். அதையும் ஒரு பதிவேட்டில் எழுதி, அந்தப் பணத்தைத் தொழிலாளர்களின் நன்மைக்கே செலவழிக்கவேண்டுமாம். சாமான் சேதமானால், அந்த ஆளின் கவனக்குறைவால்தான் சேதம் என்று தெரிந்தால் மட்டும், அதுவும் விளக்கம் கேட்ட பிறகு, நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா பிடிக்கக்கூடாதாம். வசதி என்று எதையாவது கொடுத்துப் பிடித்தம் செய்தால், அந்த வசதியை நாம் ஏற்றுக்கொண்டிருக்கவேண்டுமாம்.

பூ!

மைமூனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை வருஷம் சட்டத்துக்கு மேலேயே சோத்துப் பையை மாட்டியிருக்கிறீர்களே எக்கா என்றாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கணக்கர் குற்றாலலிங்கம் அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். முப்பது வருஷமாக இந்தக் கடைக் கணக்கு அவர் கையில். அபராதப் பதிவேடு என்று ஒன்று உண்டா அண்ணாச்சி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலமாரிக்கு மேலே இருந்து ஒரு நீலக் கெட்டி அட்டை நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் கடை முத்திரை. மற்றதெல்லாம் வெள்ளை. 2011இல் வாங்கியதாம்.

“யாரும் வந்து கேட்டா இதைக் குடுப்பேன், பேட்ஜ் சுற்றறிக்கையும் குடுப்பேன். கேக்காம நானா எடுத்து நீட்ட மாட்டேன், பாத்துக்கிடுங்க. எனக்கும் ரெண்டு வருஷந்தான் பாக்கி” என்றார்.

அப்படியென்றால் கேட்கிற ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இதை எழுதித்தான் ஆகவேண்டும். மூன்று வாரமாக இந்த நோட்டிடமே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் ஒரு அம்மா வந்தார்கள், பாங்கில் வேலை. வெந்தய நிறத்தில் பனாரஸ் வேண்டும் என்றார்கள். அடுக்கில் கை வைத்தால் அதே புடவை. இழையை ஆள் வைத்துக் கோத்துச் சரிசெய்து, மற்ற பனாரஸோடு 35 சதவீதத் தள்ளுபடியில் விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். 9,490. என்னிடம் முழு விலையும் பிடிக்கிற புடவையை நானே விற்கவேண்டும்.

மறைத்து விற்க மனசு வரவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன், இந்த இடத்தில் இழை கோத்திருக்கிறது அம்மா என்று. அந்த அம்மா பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்கள், “இது தோள்ல பின் குத்துற இடம்தான? என் புடவை எல்லாத்துக்கும் மொதல்ல போறது இந்த இடந்தான். போடுங்க.” வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பில் நம்பர் 2-4417.

தோளில் பின் குத்துகிற இடம். எனக்கு அன்றைக்கே தெரியும். 22ஆம் தேதி நாலரை மணிக்கு ஒரு கல்யாண வீட்டுக்கூட்டம். புடவையை எங்கள் வழக்கப்படி என் தோளிலேயே போட்டு முந்தானை காட்டினேன். பழைய ஆட்கள் தோளில் போடுமுன் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைப்போம், கை தானாகச் செய்யும். ஆனால் காலையில்தான் பேட்ஜ் இல்லை என்று ஐம்பது ரூபாய் போட்டிருந்தான் இசக்கிராஜ். இன்னொரு ஐம்பது போய்விடுமே என்று கழற்றவில்லை. அந்த ஆறு முனையில் ஒன்று கிரக் என்று இழுத்தது எனக்குக் காதில் கேட்டது. மடித்து அடுக்கில் வைத்துவிட்டேன். ஐம்பது ரூபாய்க்குப் பயந்து 14,600. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நூல்கூட இழுத்ததில்லை நான். அந்த வெட்கத்தில்தான் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட.

சின்ன முதலாளிக்குத் தலைமுடி கொட்டுவது மாதிரி எனக்குச் சம்பளம் கொட்டுகிறது. இரண்டுக்கும் எண்ணெய் தேய்த்தால் சரியாகாது.

ஆகஸ்ட் 23, புதன்

ஆடி முடிந்து முதல் வார லீவு. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். இவர் ஆட்டோவில் கொண்டுவிட்டார், உள்ளே வரவில்லை, வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். பயம். எனக்கு மட்டும் என்ன, பயம் இல்லாமலா.

உதவி ஆய்வாளர் ஒரு அம்மா. மனுவை வாங்கிப் படித்து, சம்பளச் சீட்டு நகலையும் வாங்கிக்கொண்டார்கள். பூவுக்குப் பத்தொன்பது வருஷமாகப் பிடிக்கிறார்கள் என்றேன். பேனா நின்றது. ஒரு வருஷத்துக்குள் உள்ளதைத்தான் கேட்க முடியும் என்றார்கள். பதினெட்டு வருஷப் பூ வாடி உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

இழை எப்படி இழுத்தது என்று மனுவில் நான் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

கடைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், துண்டு, கைலி, தலையணை உறை. தண்டனையாம். துண்டை யாரும் தோளில் போட்டு முந்தானை காட்டச் சொல்வதில்லை. வாசல் காற்று வருகிறது. மாடிப்படி மிச்சம். ஒரு நாளைக்கு நூறு கைலி விற்கிறேன். இசக்கிராஜ் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான், நான் அழுதுகொண்டு நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல.

மைமூன் இல்லாததுதான் ஒரு குறை. இரண்டு முழம் பூவோடு மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 7, வியாழன்

மறுபடியும் 3,650. பூ 120, இதர 400. கைக்கு வந்தது 7,230. இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனால் டிக்கெட்டை ரத்து செய்யவேண்டியதுதான். இவர் பைபிளைத் திறந்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டு மூடினார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பக்கம் பக்கமாக எழுத ஆசை, கை வலிக்கிறது. முடிந்த மட்டும்.

அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேச்சு. அந்தப் பக்கம் சின்ன முதலாளி, இசக்கிராஜ், குற்றாலலிங்கம் அண்ணாச்சி. இந்தப் பக்கம் நான். போகுமுன் மைமூன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள், அவங்கதான் நிரூபிக்கணும், நீங்க எதுக்கும் வாயைத் திறக்காதீங்க என்று.

முதலில் எல்லாம் என் பக்கமே போயிற்று. அபராதப் பதிவேடு எங்கே என்று ஆய்வாளர் அம்மா கேட்டார்கள். அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள், வெள்ளைத் தாள் சரசரவென்று சத்தம் போட்டது. புடவைக்குப் பிடிக்குமுன் விளக்கம் கேட்டு ஏதாவது எழுத்தில் உண்டா என்றார்கள். வாயால் கேட்டோம் என்றான் இசக்கிராஜ். கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தான்.

சின்ன முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், புடவைய அவங்கதான் பாழாக்கினாங்க. இல்லைன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க.”

ஆய்வாளர் அம்மா என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா. எப்படி இழுத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார்கள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்திருக்கும். காசியும் கையில் வந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. உண்மையும் வரமாட்டேன் என்கிறது. பில் நம்பருக்காக இந்த டைரியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஆகஸ்ட் 13ஆம் தேதியை விரித்து அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

மனசுக்குள் படிப்பார்கள் என்று நினைத்தேன். சத்தமாகப் படித்துவிட்டார்கள். ‘கிரக் என்று இழுத்தது எனக்குக் காதில் கேட்டது’ என்று படிக்கும்போது சின்ன முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து இசக்கிராஜைப் பார்த்துச் சிரித்தார். என் காது சூடேறிவிட்டது. சரி, டிக்கெட் போனது, மணப்பாட்டுக் கடலைப் பார்க்கவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா நிறுத்தவில்லை. முடி கொட்டுகிற இடத்தில் மட்டும் இருமிவிட்டு அந்த இரண்டு வரியைத் தாண்டினார்கள். அப்புறம் டைரியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள், “இடது தோள்ல பேட்ஜ் குத்தலைன்னா ஐம்பது ரூபாய்னு சுற்றறிக்கை உண்டா?”

அண்ணாச்சி பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் நான் அந்தத் தகர நட்சத்திரத்தை வைத்தேன். அம்மா அதன் முனையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்கள்.

“முதலாளி, கழட்டினா அபராதம், கழட்டாட்டி புடவை. அந்தம்மா எதைச் செஞ்சாலும் காசு உங்களுக்கு. இதுல அவங்க கவனக்குறைவு எங்க இருக்கு?”

பிறகு பில் 2-4417. அந்த வாரம் எல்லா பனாரஸும் 35 சதவீதத் தள்ளுபடி, இதுவும் அதே விலைக்குத்தான் போயிருக்கிறது, அப்படியானால் உங்களுக்கு நஷ்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். சின்ன முதலாளி நெற்றியைத் தடவினார். இழை கோத்த கூலி எண்பது ரூபாய் என்று அண்ணாச்சிதான் மெல்லச் சொன்னார்.

பிடித்ததையெல்லாம் பத்து நாளைக்குள் திரும்பக் கொடுக்கவேண்டும், பூவும் அபராதமும் கடையில் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சின்ன முதலாளி போட்டுவிட்டார்.

வாசலில் இசக்கிராஜ் என் பக்கத்தில் வந்து நின்றான். “எனக்கும் மாசம் முந்நூறு பிடிக்காங்க அக்கா, வாக்கிடாக்கி பேட்டரிக்கு. அதையும் கேக்கலாமா?” என்றான். அந்தப் போர்டைப் போய்ப் படி தம்பி என்றேன். அவன் இத்தனை நாளும் அதற்குக் கீழேதான் டிபன்பாக்ஸைத் திறந்திருக்கிறான்.

மைமூனிடம் நடந்ததைச் சொல்லி, உன் பேச்சைக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள் என்றேன். அவள் சொன்னாள், “அன்னைக்கே நான் பாத்தேன் எக்கா. பக்கத்துலதான நின்னேன். நீங்களா எங்கிட்ட சொல்லுவியன்னு ரெண்டு மாசமா இருந்தேன்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மூன்று வாரம் நோட்டிடம் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். அவளிடம் ஐம்பத்திரண்டு நாள்.

செப்டம்பர் 21, வியாழன்

9,690 ரூபாய் வந்துவிட்டது. இரண்டு மாசப் புடவைப் பிடித்தம், ஒரு வருஷப் பூ, இரண்டு மாச அபராதம். மாடிக்கும் திரும்பப் போய்விட்டேன். தகர நட்சத்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், இப்போது துணியில் தைத்த பேட்ஜ்.

ஆனால் பூவை நிறுத்திவிட்டார்கள். காலையில் வெறுந்தலையோடு நாற்பத்திரண்டு பேர். கடைசியில் பூவையும் போக்கினாயே என்று மூன்றாம் மாடிப் பெண்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பணம் திரும்பி வந்ததை மட்டும் அவர்கள் முணுமுணுக்கவில்லை. மைமூனின் கை அடிக்கடி பின்னந்தலைக்குப் போய் வெறுமனே திரும்பியது. சாயங்காலம் ஜங்ஷன் வாசலில் இரண்டு முழம் வாங்கி அவள் தலையில் நானே வைத்துவிட்டேன். பாஸ்டர் பார்த்தால் என்ன, வைத்தது என் தலையில் இல்லையே.

நவம்பர் 18, சனி. காசி

வந்துவிட்டோம்!

நான் பத்தொன்பது வருஷம் சொன்னது முக்கால்வாசி பொய். தறி கங்கைக் கரையில் இல்லை. ஆறு எந்தப் பக்கம் என்றே தெரியாத ஒரு சந்துக்குள், ஆட்டுக்குட்டி கட்டிய வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து நெய்கிறார்கள். மைமூன் வாசலில் நின்று சலாம் சொன்னாள், அவ்வளவுதான், உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. துணியை வைத்துப் பேசிக்கொண்டோம். ஒரு புடவைக்கு எத்தனை நாள் என்று கையால் கேட்டேன். அவர் இரண்டு கை விரலையும் விரித்து விரித்து மூன்று தடவை காட்டினார். ஒரு மாசம்! அந்த ஒன்று மட்டும் மெய்யாக இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை.

அப்போது அந்த நெசவாளர் எழுந்து, தறியிலிருந்து அறுத்து எடுத்த புதுப் புடவை ஒன்றை விரித்து, முந்தானை எப்படி விழுகிறது என்று காட்ட என் தோளில் போட வந்தார். என் வலது கை தானாக இடது தோளுக்குப் போய்விட்டது, பேட்ஜைக் கழற்ற. அங்கே ஒன்றும் இல்லை. மைமூன் பார்த்துவிட்டாள். நான் கையை எடுத்துக்கொண்டு தோளைக் காட்டினேன், அவர் புடவையைப் போட்டார்.